துணிக்கடை மடக்கு ஸ்டாண்ட்: செய்யும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் பிழைப்பு. என் மச்சான் வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையிலும் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையிலும் ரெடிமேட் போடுகிறவர். "மாமா, கயிறு கட்டித் தொங்கவிட்டா ஜனங்க நின்னு பாக்க மாட்டேங்கறாங்க, ஒரு ஸ்டாண்ட் பண்ணிக் குடுங்க, மடக்கற மாதிரி" என்றார். அதில் ஆரம்பித்தது. இப்போது காவேரிப்பட்டணம், பர்கூர், தர்மபுரி என்று கடைக்காரர்கள் தேடி வருகிறார்கள். கேட்பது எல்லோரும் ஒன்றையேதான். மற்ற பட்டறைத் தம்பிகளும் போனில் அதையே கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

முதலில் எந்த பைப் வாங்குவது?

பைப் கடைக்குப் போகாதீர்கள். முதலில் துணியை அளங்கள்.

எதைத் தொங்கவிடப் போகிறீர்கள் என்பது தெரியாமல் ஸ்டாண்ட் செய்ய முடியாது. பெரியவர்கள் ஹேங்கர் 42 முதல் 45 செ.மீ. அகலம். குழந்தைகள் ஹேங்கர் 30 முதல் 35 செ.மீ.க்குள் முடிந்துவிடும். சட்டை, கொக்கியோடு சேர்த்து 85 செ.மீ. வரை தொங்கும். நைட்டி 140 செ.மீ.யைத் தாண்டும். குர்த்தி நடுவில். ஐந்து அடி உயரத்தில் கம்பி வைத்துவிட்டு அதில் நைட்டியை மாட்டினால் கீழ்த் தையல் தரையை ஒட்டித் தொங்கும். நம் ஊர்ச் செம்மண் தூசியில் அது ஒரே நாளில் பழைய சரக்காகிவிடும்.

அடுத்து எடை. ஒரு காட்டன் சட்டை ஹேங்கரோடு ஏறத்தாழ 300 கிராம், ஜீன்ஸ் கிளிப் ஹேங்கரோடு 700 கிராம். கல் வைத்த லெஹங்கா இரண்டு கிலோவுக்கு மேலும் போகும். உங்கள் சரக்கில் பத்தை எடுத்து மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், கணக்கு வந்துவிடும். நெருக்கி மாட்டினால் ஒரு சட்டைக்கு ஒரு அங்குலம். நாலு அடிக் கம்பியில் நாற்பது உருப்படி தாராளமாக நிற்கும். சட்டையானால் 12 கிலோ, ஜீன்ஸானால் 28 கிலோ. நான் எப்போதும் ஜீன்ஸுக்குத்தான் கணக்குப் போடுவேன். "குழந்தைங்க துணி மட்டும்தாண்ணா" என்று வாங்கிப் போகிறவர் தீபாவளிக்கு அதில் என்ன மாட்டுவார் என்று அவருக்கே தெரியாது.

மூன்றாவதாக, இரவில் ஸ்டாண்ட் எங்கே தூங்கப் போகிறது என்று பாருங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை. பத்தடி அகலக் கடையில் ஷட்டர் இறக்கிய பிறகு எவ்வளவு இடம் மிஞ்சும், வாசலில் படி இருக்கிறதா, சாக்கடைமேல் போட்ட பலகைக்கல்லைத் தாண்டித் தூக்க வேண்டுமா, யார் தூக்குவார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டும். எட்டு கிலோவை ஒரு பெண் தனியாகத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார். பதினைந்து கிலோ என்றால் ஸ்டாண்ட் வெளியிலேயே நனையும்.

மடக்குவதில் எத்தனை வகை? எது நல்லது?

எக்ஸ் மாதிரிக் குறுக்குக் கால் உள்ளது ஒரு வகை. நடுவில் ஒரு போல்ட், கத்தரிக்கோல் போல மூடும். பார்க்க அழகு. ஆனால் மேலே இரண்டு கம்பி வரும். இரண்டிலும் பெரியவர்கள் ஹேங்கரை மாட்ட வேண்டுமானால் கம்பிகளுக்கு இடையே 45 செ.மீ. வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டை ஒன்றையொன்று இடிக்கும். சேலையை மடித்துப் போட எக்ஸ் நல்லது, ஹேங்கருக்கு எனக்குப் பிடிக்காது.

மேல்கம்பியையே நடுவில் கீல் வைத்து மடிப்பது இன்னொரு வகை. தயவுசெய்து வேண்டாம். பாரம் முழுக்க நடுவில்தான் வளைக்கப் பார்க்கிறது, அங்கேயே கொண்டுபோய்ப் பலவீனத்தை வைப்பது எந்த ஊர் நியாயம்?

நான் செய்வது ஏணி வகை. வெள்ளையடிக்கிறவர் வைத்திருக்கும் இரட்டை ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சட்டம். இரண்டும் மேலே ஒரே கம்பியில் சேரும், அந்தக் கம்பியில்தான் துணி தொங்கும். கீழே 60 செ.மீ. விரியும். துணியின் பாரம் கால்களை இன்னும் விரிக்கத்தான் பார்க்குமே தவிர மூட விடாது. அதாவது சரக்கு ஏற ஏற, கால்களைப் பிடித்து வைக்கும் பூட்டுப் பட்டை இறுகுகிறது. பாரம் ஏறினால் தானாக மடங்கப் பார்க்கும் வடிவத்தை விற்காதீர்கள், ஒரு நாள் யார் தலையிலாவது விழும்.

மேல்கம்பி எவ்வளவு நீளம் வைக்கலாம்? ஆறடி கேட்கிறார்களே?

நாலு அடி. கேட்பவர்கள் எல்லோரும் ஆறடிதான் கேட்பார்கள், நான் நாலுதான் கொடுப்பேன். காரணம் இதுதான்.

1 அங்குல உருண்டை பைப், 1.6 மி.மீ. தடிமன். நாலு அடியில் 30 கிலோ பரவலாகத் தொங்கினால் நடுவில் ஏறத்தாழ 4 மி.மீ. தொய்யும். கண்ணுக்குத் தெரியாது. அதே நெருக்கத்தில் துணி மாட்டி ஐந்து அடியாக்கினால் தொய்வு 9, 10 மி.மீ. ஆறடியில் 20 மி.மீ. நீளம் ஒன்றரை மடங்குதான், தொய்வு ஐந்து மடங்கு. நீளத்தை நான்கு முறை பெருக்கிய விகிதத்தில் தொய்வு ஏறும் என்பது கணக்கு. எடையும் நீளத்தோடு சேர்ந்து ஏறுகிறதே, அதனால்தான் இவ்வளவு.

ஆறடிக் கம்பி உடைந்து விழாது. தாங்கும். ஆனால் நடுவில் குழி விழுந்தால் ஹேங்கர்கள் எல்லாம் சரிந்து அங்கேயே போய்க் குவியும். கடைப்பையன் நாள் முழுக்கத் துணியைத் தள்ளித் தள்ளி வைப்பான். வாடிக்கையாளர் கண்ணுக்கும் கடை பழசாகத் தெரியும். ஆறடி வேண்டுமென்றால் மூன்றடியில் இரண்டு வாங்குங்கள், மூலையிலும் திருப்பி வைக்கலாம்.

கேஜ், அதாவது பைப் தகட்டின் தடிமன், கூட்டினால் போதாதா?

கூட்டலாம், ஆனால் அது பணத்தை இரும்பில் புதைக்கிற வேலை. தடிமனைக் கூட்டுவதைவிடப் பருமனைக் கூட்டுவதுதான் லாபம். 1 அங்குலத்திலிருந்து 1¼ அங்குலத்துக்குப் போனால், அதே 1.6 மி.மீ. தடிமனில், எடை கால் பங்குதான் கூடும், விறைப்பு இரண்டு மடங்காகும். ஒரு எச்சரிக்கை: 1¼ அங்குலம் என்பது 32 மி.மீ. சில கம்பி ஹேங்கர்களின் கொக்கி அதில் ஏறாது. உங்கள் ஹேங்கரை ஒன்று கையோடு எடுத்துப்போய் பைப் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

கால்களுக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ., போதும். கால் நெடுக்கில் அமுங்குகிறதே தவிர வளைவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 18 கேஜ் என்று சொல்லி 1 மி.மீ. கொடுக்கும் கடைகள் உண்டு. காலிப்பர் இல்லையென்றால் எடை போடுங்கள். 6 மீட்டர் நீளம், 1 அங்குலம், 1.2 மி.மீ. என்றால் 4.3 கிலோ இருக்க வேண்டும். 1.6 என்றால் 5.6 கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மூன்றரை கிலோ காட்டினால் வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அலுமினியத்தில் செய்தால் லேசாக இருக்குமே?

இருக்கும். இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடை. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவு பைப் மூன்று மடங்கு தொய்யும். அதைச் சரிக்கட்டப் பெரிய பைப் போட்டால் ஹேங்கர் கொக்கி மாட்டாது. போதாததற்கு அலுமினியத்தைப் பற்றவைக்க டிக் வெல்டிங் வேண்டும், நம் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் அது அரிது.

வெட்டும் அளவு சொல்லுங்கள்.

பைப் 6 மீட்டராக வரும். காலை 1480 மி.மீ.யாக வெட்டினால் ஒரே பைப்பில் நாலு கால். ரம்பம் தின்பது போக ஒரு சாண்கூட மிச்சம் விழாது. அந்தக் கால் 60 செ.மீ. விரிந்து நின்றால் உயரம் 1450, இரண்டு அங்குலச் சக்கரம் போட்டால் இன்னும் 70 கூடி 1520. அதுதான் ஐந்து அடி. கடையில் வேலை பார்க்கும் பெண்கள் எம்பாமல் எடுக்கும் உயரம். இந்த அளவு கணக்குப் போட்டு வந்ததில்லை. 1500 வெட்டி, நாலாவது காலுக்கு 15 மி.மீ. குறைந்து, ஒரு பைப்பை வீணாக்கிய அன்று வந்தது.

கீழே நீளவாக்கில் குறுக்குக் கம்பி ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒன்று, 1200க்குச் சற்று முன்னே பின்னே. நைட்டிக்கென்று தனியாகச் செய்தால் கால் 1610. அப்போது பைப்பில் மூன்று கால்தான் வரும், மிச்சத்தில் குறுக்குக் கம்பி எடுத்துக்கொள்ளலாம்.

மூலைகளில் 75 மி.மீ. முக்கோணத் தகடு வைக்க மறக்காதீர்கள். ஏணி வகை குறுக்கே உறுதியாக நிற்கும், நீளவாக்கில்தான் ஆடும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது இந்தத் தகடுதான்.

என்னுடைய ஸ்டாண்ட் முழுசாக மூட மாட்டேன் என்கிறது. ஏன்?

எனக்கும் இதே கதைதான். முதல் ஸ்டாண்டைப் பற்றவைத்து, கிரைண்டிங் முடித்து, மச்சானைக் கூப்பிட்டு மடக்கிக் காட்டினேன். நாலு அங்குலம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. "மாமா, இது கொட்டாவி விடுதே" என்றார்.

ஒரு சட்டம் இன்னொன்றுக்குள் போக வேண்டும் என்பதற்காக உள்சட்டத்தைச் சற்றுக் குறுக்கிச் செய்திருந்தேன். அது சரி. ஆனால் வெளிச்சட்டத்தின் கீழ்க் குறுக்குக் கம்பியை இரண்டு கால்களுக்கு நடுவே பற்றவைத்துவிட்டேன். உள்சட்டத்தின் கால்கள் உள்ளே வரும்போது அந்தக் கம்பியில் இடித்து நின்றுவிட்டன. காகிதத்தில் முன்பக்கம் மட்டும் வரைந்தால் இது தெரியவே தெரியாது. பக்கவாட்டிலிருந்து, மடக்கிய நிலையில், ஒரு படம் கட்டாயம் போடுங்கள்.

தீர்வு எளிது. குறுக்குக் கம்பியைக் கால்களுக்கு நடுவே வைக்காமல் கால்களின் வெளி முகத்தில் வைத்துப் பற்றவையுங்கள். இரண்டு சட்டத்துக்கும் அப்படியே. மடக்கினால் ஒரு கம்பி, கால்கள், இன்னொரு கம்பி என்று மூன்று அங்குலக் கனத்தில் முடிந்துவிடும். பத்து ஸ்டாண்ட் இரண்டரை அடிக்குள் சுவரோடு சாய்ந்துவிடும்.

மேலே கீல் எப்படி வைப்பது? கதவுக் கீல் போதுமா?

போதாது. கதவுக் கீலில் ஆட்டம் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் மேலே என்றால் கீழே காலடியில் ஒன்றரை அங்குலமாகத் தெரியும்.

மேல்கம்பியின் இரண்டு முனையிலும் 22 மி.மீ. உருண்டைக் கம்பித் துண்டை உள்ளே சொருகிப் பற்றவைத்து, அதன் நடுவில் 10 மி.மீ. மரை போட்டுக்கொள்ளுங்கள். லேத் கடையில் அரை மணி நேர வேலை. போல்ட் வெளிச்சட்டத்தின் கால் வழியாக நுழைந்து, உள்சட்டத்தின் கால் வழியாகப் போய், மேல்கம்பியில் இறுகும். ஒரே போல்ட் கம்பியையும் பிடிக்கிறது, கீலாகவும் இருக்கிறது.

இங்கேதான் இரண்டு பேரில் ஒருவர் கோட்டை விடுகிறார்கள். வெறும் பைப் வழியாக போல்ட்டை விட்டு முறுக்கினால் பைப் சப்பையாகும். வெளிச்சட்டக் காலின் துளைக்குள் ஒரு குழாய்த் துண்டை வைத்துப் பற்றவைத்துவிடுங்கள், போல்ட் அதைத்தான் அமுக்கும். உள்சட்டக் காலிலோ துண்டைப் பற்றவைக்கக் கூடாது. காலின் அகலத்தைவிட 1 மி.மீ. நீளமாக ஒரு புஷ் (சிறு இரும்புக் குழாய்த் துண்டு) போட்டு, இரண்டு பக்கமும் மெல்லிய நைலான் வாஷர் வையுங்கள். போல்ட் புஷ்ஷைத்தான் இறுக்கும், கால் அந்தப் புஷ்மேல் தாராளமாகச் சுற்றும். இறுக்கினால் சுற்றாது, தளர்த்தினால் ஆடும் என்ற தொல்லை இதோடு தீர்ந்தது.

திறந்து மூடித் திறந்து மூடி ஒரு பக்கத்து போல்ட் மெதுவாகக் கழன்று வரும். மரையில் பூட்டுப் பசை இரண்டு சொட்டு விட்டு முடுக்குங்கள்.

கால் விரியாமல் சங்கிலி கட்டினால் போதுமா?

விரியாது. ஆனால் தள்ளும்போது மூடிக்கொள்ளும். சக்கரம் வைத்த ஸ்டாண்டைச் சங்கிலியோடு தள்ளிப் பாருங்கள், பின்கால் முன்காலைத் துரத்திக்கொண்டு வரும். 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம் உள்ள பட்டையே போடுங்கள். ஒரு முனை போல்ட்டில் சுழல வேண்டும், மறுமுனையில் வாய் வெட்டி ஆணியில் விழுகிற மாதிரி. பக்கத்துக்கு ஒன்று.

உயரம் முக்கியம். தரையிலிருந்து 40 செ.மீ.யில் வைத்தால் முழுச் சரக்கு ஏறியும் ஒரு பட்டையில் வரும் இழுவை மூன்று கிலோவுக்குள்தான். மேலே கீலுக்கு ஓரடி கீழே வைத்தால் அது மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். அழகுக்காக மேலே தூக்கி வைக்கிறார்கள், பிறகு ஆணி தேய்கிறது என்று வருகிறார்கள்.

பட்டையை நடுவில் கீல் வைத்து மடிக்கும் முறை உண்டு. நான் செய்வதில்லை. அது விரலைக் கத்தரிக்கும். பொதுவாகவே அசையும் இரண்டு பாகத்துக்கு நடுவே உள்ள சந்து 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் 12 மி.மீ.க்கு மேல் இருக்கட்டும். இடைப்பட்டதுதான் குழந்தை விரலுக்கு எமன். கடைக்கு வருகிற பிள்ளைகள் துணிக்குள் புகுந்து ஒளிந்து விளையாடாமல் இருந்ததுண்டா?

குழந்தை பிடித்து இழுத்தால் விழுமா? ஆடிக்காற்று?

விழும். எவ்வளவுக்கு விழும் என்பதுதான் கேள்வி.

30 கிலோ துணி, 8 கிலோ ஸ்டாண்ட், 60 செ.மீ. விரிப்பு, ஐந்து அடி உயரம். கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏழரை கிலோ இழுவை இழுத்தால் சாயும். விரிப்பை 45 ஆகக் குறைத்தால் ஆறு கிலோவுக்குக் கீழேயே சாயும். 75 ஆக்கினால் ஒன்பதரை. இடம் குறைகிறதென்று விரிப்பைக் குறைக்கச் சொல்பவர்களிடம் இதை ஒரு முறை செய்தே காட்டுவேன். ஒரு விரலில் கொக்கி மாட்டித் தள்ளினால் போதும், பேச்சு நின்றுவிடும்.

யாரும் எதிர்பார்க்காதது, காலி ஸ்டாண்ட்தான் முதலில் விழும் என்பது. 8 கிலோ மட்டும் நிற்கும்போது ஒன்றரை கிலோ தள்ளு போதும். விற்றுத் தீர்ந்த மகிழ்ச்சியில் வெளியில் விட்டு டீ குடிக்கப் போனால், வந்து பார்க்கும்போது பக்கத்துக் கடைக்காரரின் பைக்மேல் படுத்திருக்கும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் கணக்குக்கு, மணிக்கு 36 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரை ஆறு கிலோ போலத் தள்ளும். நெருக்கி மாட்டிய நாலடிச் சட்டை வரிசை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் சுவர். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்கு. ஆடித் தள்ளுபடிக்கு வாசலில் ஸ்டாண்ட் போடுவதும் அந்த மாதம்தான், காற்று அடிப்பதும் அந்த மாதம்தான். இரண்டு கீழ்க் கம்பியிலும் மணல் மூட்டை தொங்கவிட கொக்கி வைத்தே கொடுக்கிறேன், பக்கத்துக்கு ஐந்து கிலோ. காற்று வரும் திசைக்கு ஸ்டாண்டின் பக்கவாட்டு முனையைக் காட்டி வைத்தால் பாதிக் கவலை இல்லை.

வாசல் என்றதும் இன்னொன்று. நடைபாதையில் போட்டால் நகராட்சி ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். சீக்கிரம் மடக்கலாம் என்பதற்காக அங்கே போடலாம் என்று ஆகாது.

சக்கரம் அவசியமா?

டைல்ஸ் தரையுள்ள கடைக்கு அவசியம். ரப்பர் சுற்றிய இரண்டு அங்குலச் சக்கரம், வெளிச்சட்டத்தில் வரும் இரண்டுக்கும் பிரேக். கால் 12 டிகிரி சாய்ந்து நிற்பதால் சக்கரத்தின் தண்டை அந்தச் சாய்வைக் கழித்துப் பற்றவைக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் ஓரத்தில் ஓடி ஒரு பக்கம் தேயும். சந்தைக்கு வேண்டாம். மண்ணில் புதையும், ரப்பர் காலணி போதும்.

பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா?

பவுடர். நான் ஓசூருக்கு அனுப்பிச் செய்கிறேன். இரும்பை எண்ணெய் போகக் கழுவி, துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றி, அதன்மேல் பவுடர் தூவி, 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேக வைப்பார்கள். கழுவும் தொட்டிகளைத் தாண்டி வேலையைக் குறைக்கிற இடங்கள் உண்டு. புதிதில் வித்தியாசம் தெரியாது, ஒரு மழைக்காலம் போனால் தோல் உரிகிற மாதிரி உரியும்.

பவுடர் 60 முதல் 80 மைக்ரான் கனம். துளைக்குள்ளும் ஏறும். 8 மி.மீ. ஆணிக்குச் சரியாக 8 போட்டால் திரும்பி வரும்போது நுழையாது. எட்டரை போடுங்கள்.

மேல்கம்பிக்கு மட்டும் பவுடர் வேண்டாம். நாள் முழுக்கக் கொக்கி உரசும் இடம் அது, ஆறு மாதத்தில் இரும்பு தெரியும், பிறகு துரு, பிறகு வெள்ளைச் சட்டையின் தோளில் பழுப்புக் கறை. மேல்கம்பியை எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் போடுங்கள். அதில் 202 ரகம் மலிவு, 304 துரு பிடிக்கத் தயங்கும். கடைக்குள் என்றால் 202 போதும், வெளியில் நிற்பதற்கு 304. என்னிடம் எஸ்எஸ் வேலை பார்க்கும் தம்பி மாங்கூழ் ஆலையில் பராமரிப்பில் இருந்தவர், 202ஐப் பார்த்தாலே முகம் சுளிப்பார். நான் கணக்குப் பார்க்கிறவன், அவர் பைப்பைப் பார்க்கிறவர்.

எக்ஸ்எல் வண்டியில் ஏற்றலாமா?

மடக்கு ஸ்டாண்டை ஏற்ற முடியாது. மடக்கினாலும் அது நாலடிக்கு ஐந்தடிப் பலகைதான். டாடா ஏஸில் நிற்கும், எக்ஸ்எல்லில் பாய்மரம் கட்டின மாதிரி ஆகிவிடும்.

சந்தைக்காரர்களுக்கு நான் மடக்குவதை விட்டுவிட்டேன். அவர்களுக்குக் கழற்றி மாட்டுவதுதான் சரி. காலை இரண்டாக வெட்டி, உள்ளே அரை அங்குல ஜிஐ பைப்பைச் சொருகினால் போதும். அதன் வெளிவிட்டம் 21.3 மி.மீ., இந்தக் கழற்றும் காலுக்கு மட்டும் 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ., பைப் போட்டால் உள்விட்டம் 22.2. கைக்கு லேசாக நுழையும், ஆட்டம் குறைவு. பைப்பின் உள்ளே நெடுக ஒரு வெல்டிங் மேடு இருக்கும், அதை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் சுத்தியல் கேட்கும். சொருகு நீளம் 10 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். எல்லாத் துண்டும் நாலடிக்குள், ஒரு கோணிப்பையில் சுருட்டி வண்டியில் நெடுக்கே கட்டலாம். மச்சானின் கொட்டாவி ஸ்டாண்டும் கடைசியில் இப்படித்தான் மாறியது.

கடை ரொம்பச் சின்னது. தரையில் இடமே இல்லை.

சுவரில் மடங்குகிற கை வையுங்கள். ஹேங்கர் பாதி அகலம் 22 செ.மீ., அதனால் கம்பி சுவரிலிருந்து 28 செ.மீ. தள்ளி நின்றால் துணி உரசாது. சுவர் ஹாலோ பிளாக் என்றால் சாதாரண ரால் பிளக்கை (ஸ்க்ரூவுக்காகச் சுவரில் அடிக்கும் பிளாஸ்டிக் ஆப்பு) நம்பாதீர்கள், மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள்.

டெலிவரி எடுக்கும் முன் எப்படிச் சோதிப்பது?

20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று. மொத்தம் 60 கிலோ, உங்கள் சரக்கைப் போல இரண்டு மடங்கு. கம்பியில் பரவலாகக் கட்டித் தொங்கவிட்டு, முனைக்கு முனை நூல் பிடித்து நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இறக்கியபின் கம்பி பழையபடி நூலோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பைப் பொய். அப்புறம் நூறு முறை மடக்கி விரியுங்கள். பட்டறைக்காரர் முகம் மாறும், மாறட்டும். நூறாவது முறையும் மேலே ஆட்டம் வராமல் இருந்தால் வாங்குங்கள்.

என்ன விலை ஆகும்?

இரும்பு விலை வாரத்துக்கு ஒன்று, அதனால் தொகை எழுதவில்லை. கணக்கு இது: கால், குறுக்குக் கம்பி எல்லாம் சேர்த்து ஆறு கிலோ, மேல்கம்பி ஒரு கிலோவுக்குச் சற்று மேல், சக்கரம், போல்ட் வகையறா ஒரு கிலோ. அன்றைய கிலோ விலையால் பெருக்கி, லேத் கூலி, கோட்டிங், வெல்டிங் கூலி சேருங்கள். ஒன்றுக்கும் பத்துக்கும் கூலியில் வித்தியாசம் உண்டு. ஜிக் (பற்றவைக்கும்போது அளவு மாறாமல் பிடித்து வைக்கும் அச்சு) கட்டுகிற நேரம் இரண்டுக்கும் ஒன்றுதானே.

என் வடிவத்தை இன்னொருவர் காப்பி அடித்தால்?

தோற்றம் புதிது என்றால் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யலாம். பாதுகாப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். அது கண்ணுக்குத் தெரிகிற உருவத்துக்கு மட்டும். மடங்கும் முறையைக் காக்க வேண்டுமானால் காப்புரிமை, 20 ஆண்டு. எதுவானாலும் விற்பதற்கு முன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுவதற்கு முன், விண்ணப்பித்துவிட வேண்டும். வெளியில் தெரிந்துவிட்டால் புதிது என்ற வாதம் போய்விடும். ஏணி வகையில் நான் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை, அளவை மட்டும் அனுபவத்தில் திருத்தினேன். அதனால்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

வேறு இடத்தில் வாங்கிய ஸ்டாண்டைச் சரிசெய்து தருவீர்களா?

தருவேன், மேல்கம்பி நடுவில் கீல் உள்ளதைத் தவிர. அதைக் கொண்டு வந்தால் முழுக்கம்பியாக மாற்றித்தான் திருப்பிக் கொடுப்பேன். திங்கட்கிழமை காலையில் வாருங்கள், மற்ற நாட்களில் கேட் பொருத்த வெளியூர் போய்விடுவேன்.